பருப்பு வேகும் தண்ணீர்

பெருங்காலூர்,
15.12.1996

அன்புள்ள ஜெசி,

பெருங்காலூர் ஊராட்சி மன்றம், மூன்று கூட்டங்களில் ஆழ்ந்து விவாதித்த பின், நேற்று மாலை ஒரு பூட்டு வாங்குவதென்று முடிவு செய்தது. முதல் கூட்டத்தில் பூட்டு தேவையா என்று பேசினோம். இரண்டாவதில் இரும்பா பித்தளையா என்று பேசி, ஒரு உறுப்பினர் வெளிநடப்புச் செய்தார். துண்டை மறந்துவிட்டதால் திரும்பி வந்தார். மூன்றாவதில் பாதிப் பேர் வரவில்லை, ஆகவே முடிவு எளிதாக எட்டப்பட்டது. பித்தளை. இந்த ஊர் இதற்கு முன் இவ்வளவு பெரிய முடிவை எடுத்ததில்லை என்று துணைத்தலைவர் பேசினார். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான்.

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் மழைக்காலம் வந்தால் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் வீட்டுக்காரர் ஏசுபாதம் அணுபுரத்தில் ஷிப்ட் முடிந்து நேரத்துக்கு வீடு வருகிறாரா? உன் மகன் ஹேமந்த் புத்தகத்தைத் திறக்கிறானா?

பூட்டு எங்கள் ஏரி மதகுக்கு. சாவி உனக்கு. ஒன்றிய அலுவலகத்தில் புதிய தலைவர்களுக்குப் பயிற்சி என்று உட்கார வைத்தார்களே, அன்று வேப்பமரத்தடியில் நாம் பேசிக்கொண்டதை மன்றத்தின் சொந்த யோசனையாக மாற்றிவிட்டேன். அந்தப் பேச்சாளரை நினைவிருக்கிறதா? ஏரித் தண்ணீர் ஒரு துறை, நிலத்தடி நீர் வேறொரு துறை, இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது என்றார். "தான் எந்த டிபார்ட்மெண்டுன்னு தண்ணிக்குத் தெரியுமாடி?" என்று நீ என் காதில் கேட்டாய். செங்கல்பட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த காலத்திலும் நீ இப்படித்தான் காதில் பேசுவாய், நான்தான் பெஞ்சு மேல் ஏறி நிற்பேன்.

மன்றத்தில் நான் சொன்னது இவ்வளவுதான். பாலாறு நம் பக்கம் வருவது விருந்தாளி வருவது போல. சொல்லிவிட்டு வருவதில்லை, தங்குவதும் இல்லை. இருப்பது எங்கள் ஏரி. அதில் தேங்கும் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கடற்கரைப் பக்கம் உங்கள் சவுக்குப்பாக்கத்துக் கிணற்றில் ஊறுகிறது. நாங்கள் நவரை நெல்லுக்கென்று மதகைத் திறந்து ஏரியை வழித்து எடுத்துவிட்டால், சித்திரையில் உங்கள் கிணறு கீழே போகிறது. மறுபக்கமிருந்து கடல் உள்ளே வருகிறது. போன கோடையில் உங்கள் பெண்கள் குடத்தோடு எங்கள் கரைக்கு வந்தார்கள். எங்கள் ஆண்கள் குறுக்கே நின்று, ஏரித் தண்ணீர் எங்களுடையது என்று முழங்கினார்கள். அன்றைக்கு ஏரியில் தண்ணீரே இல்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொன்னேன், அநியாயத்தையும் சொன்னேன். உன் கொழுந்தன் சாலமோன் எல்லைக் கிணற்றில் பெரிய மோட்டார் போட்டு, மாமல்லபுரம் ஓட்டல்களுக்கு லாரி லாரியாக நிரப்பும்போது, எங்கள் கடைமடைக் கிணறுகளில் மோட்டார் காற்றைத்தான் இறைக்கிறது.

ஆகவே ஏற்பாடு: நல்ல மழை ஆண்டில் நாங்கள் ஏரியைத் திறந்து பயிர் செய்வோம், கிணறுகளுக்கு ஓய்வு. மழை குறைந்த ஆண்டில் மதகு மூடியே கிடக்கும். ஏரி நிலத்துக்குள் இறங்கட்டும். நாங்கள் பாதி நிலத்தில் மட்டும் கிணற்றை வைத்துப் பயிர் செய்வோம். நீங்கள் எல்லைக் கிணற்று மோட்டாரை லாரிக்கு ஓட்டக் கூடாது. எங்கள் மதகுச் சாவி உன்னிடம், உங்கள் மோட்டார் அறைச் சாவி என்னிடம். வேண்டுமென்றால் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும்.

"யாருக்கு யார் மேல நம்பிக்கை இல்லாம இந்த ஏற்பாடு?" என்று கேட்டார் எங்காத்துக்காரர். ஊருக்கு எங்கள் இரண்டு பேர் மேலும் இல்லை என்றேன். பெண்களுக்கு ஒதுக்கிய தொகுதி என்பதால் என் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு, ஆராவமுதன் தானே தலைவராகிவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார். ஏரிக்குக் கீழே அதிக நிலமும் அவருடையதுதான். அவருடைய நம்பிக்கையை நான் கலைக்கவில்லை. நல்ல தூக்கம் வருகிறது அவருக்கு.

ஒன்று மட்டும் பாக்கி. எது நல்ல ஆண்டு, எது மோசமான ஆண்டு என்று யார் சொல்வது? எழுது.

உன்
ருக்கு
(தலைவர், பெருங்காலூர் ஊராட்சி)


சவுக்குப்பாக்கம்,
28.12.1996

அன்புள்ள ருக்கு,

கிறிஸ்துமஸ் கேக் இத்துடன் வருகிறது. முட்டை போடாதது. போட்டதை நாங்களே சாப்பிட்டுவிட்டோம்.

உங்கள் மன்றம் மூன்று கூட்டத்தில் முடித்ததை எங்கள் மன்றம் ஒரே கூட்டத்தில் முடித்தது. எங்களிடம் ஒரே ஒரு பெஞ்சுதான் இருக்கிறது, ரொம்ப நேரம் உட்கார முடியாது. மோட்டார் அறைக்குப் பூட்டு வாங்கியாயிற்று. செங்கல்பட்டு மார்க்கெட்டில் நீ வாங்கிய அதே கடையில், "பெருங்காலூர் தலைவரம்மா இன்னா வாங்கினாங்களோ அதையே குடு" என்று ஏசுபாதம் கேட்டு வாங்கி வந்தார். ஊராட்சிக்கு ஊராட்சி வித்தியாசம் இருக்கக் கூடாதல்லவா.

சாலமோனுக்குத்தான் மனசு சரியில்லை. பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"இன்னா அண்ணி, சொந்தக் கெணத்துக்கு அடுத்த ஊர்ல சாவி? நாளைக்கு வூட்டுச் சாவியும் அங்கதானா?"

"வூட்டுல திருட என்னா கீது? கெணத்துலதான் கீது" என்றேன்.

"நான் இன்னா திருடனா?"

"நீ லாரிக்காரன். உனக்குன்னு தனியா ஒரு பூட்டு."

மூன்று நாள் பேசவில்லை. கேக் கொடுத்ததும் பேசினான்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கிணற்றில் உப்பு ஏறுவதை நாக்கு கடைசியில்தான் கண்டுபிடிக்கும். அதற்கு முன்பே பருப்பு கண்டுபிடித்துவிடும். துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் முழித்துக்கொண்டு நிற்கும். இதை எங்கள் ஊரில் சமைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சத்துணவுக் கூடத்தில் மேரி தினமும் பருப்பு வேக வைக்கிறாள். அவள் அடுப்புதான் அளவு. பருப்பு வெந்தால் ஆண்டு நல்ல ஆண்டு. வேகவில்லையென்றால் மதகு மூடல், மோட்டார் மூடல். குக்கர் கூடாது, குக்கரில் கூழாங்கல்லும் வேகும். இதை விதியாக எழுதி ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பினேன். எந்தக் கருவியால் அளக்கப்படும் என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அலுமினிய தேக்சா என்று பதில் போட்டிருக்கிறேன்.

மோட்டார் அறைச் சாவியை ஏசுபாதம் கொண்டு வருகிறார். உன் சாவியை அவரிடமே கொடுத்தனுப்பு. எங்கள் வீட்டில் சிலுவைக்குக் கீழே ஒரு ஆணி காலியாக இருக்கிறது.

உன்
ஜெசிந்தா
(நானும் தலைவர்தான்)


பெருங்காலூர்,
20.1.1998

அன்புள்ள ஜெசி,

மேரியின் பருப்பு குழைந்துவிட்டது என்று நீ எழுதிய அட்டையை மன்றத்தில் வாசித்தேன். கை தட்டினார்கள். பருப்புக்குக் கை தட்டி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஏரி ததும்புகிறது. கலங்கலில் தண்ணீர் வழிந்து இரண்டு நாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை.

ஏசுபாதம் கொண்டு வந்த சாவியால் நேற்று மதகைத் திறந்தோம். மதகைத் திறந்து மூடும் வேலை சடையப்பனுக்குப் பரம்பரையாக வந்தது; கையில் கம்போடு நிற்பார், கம்புகட்டி என்று பெயர். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், நடுவில் குங்குமம் வைத்த மதகுச் சாவி. ஆராவமுதன் பேசினார். அவரே திறப்பதாகவும் இருந்தார். சடையப்பன், "தலைவரம்மா இருக்கறச்சே நீ இன்னாத்துக்கு சாமி குறுக்கால?" என்று கேட்டதில் விலகிக்கொண்டார்.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடு.

தட்டில் மரியாதைக்காக உங்கள் மோட்டார் அறைச் சாவியையும் வைத்திருந்தேன். தண்ணீர் பாய்ந்து முடிந்து எல்லோரும் போன பிறகு மதகைப் பூட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கையில் இருந்த சாவியில் குங்குமம் இல்லை, குங்குமம் வைத்த சாவி தட்டிலேயே கிடக்கிறது. நான் எங்கள் மதகைப் பூட்டியது உங்கள் மோட்டார் அறைச் சாவியால். திரும்பப் போய்ப் பார்த்தேன். பூட்டியது. திறந்தது. மறுபடியும் பூட்டியது. மதகுச் சாவியாலும் அப்படியே.

ஒரே கடை, ஒரே கம்பெனி, ஒரே நம்பர். என்னிடம் இருக்கும் சாவி என் மதகைத் திறக்கும். உன் ஆணியில் தொங்குவது உன் மோட்டார் அறையைத் திறக்கும். ஒரு வருஷமாக இரண்டு ஊரும் ஒன்றையொன்று பூட்டி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

ஒரு தலைவர் என்ற முறையில் இதை உனக்கு முறைப்படி தெரிவிக்கிறேன். புதுப் பூட்டு வாங்கலாமா? எங்கள் மன்றத்துக்கு மூன்று கூட்டமாவது வேண்டும்.

உன்
ருக்கு


சவுக்குப்பாக்கம்,
29.1.1998

அன்புள்ள ருக்கு,

ஒரு வருஷம் ஆயிற்றா உனக்கு? ஆறு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்திருந்தேன்.

சாவியை மாற்றிக்கொண்ட அன்றைக்கே தெரியும். உங்கள் ஊரிலிருந்து வந்த சாவியை ஏசுபாதம் சும்மா எங்கள் பூட்டில் போட்டுப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் அல்லவா, எதையும் எதிலும் சொருகிப் பார்ப்பார். "ஜெசி, தொறந்துகிச்சி" என்றார். "மூடுங்க" என்றேன். மூடினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ மன்றத்தில் வைப்பாய். மன்றத்தில் வைத்தால் சாலமோனுக்குத் தெரியும். இப்போது அவன் கிணற்றுப் பக்கம் போகிறான், பூட்டைப் பார்க்கிறான், என்னைத் திட்டுகிறான், திரும்பி வருகிறான். ஊர் அதைப் பூட்டு என்று நம்புகிறது. எனக்கு அது போதும்.

புதுப் பூட்டு வேண்டாம். புதிது வாங்கினால் பழையது ஏன் போயிற்று என்று காரணம் எழுத வேண்டும். நான் உன்னைக் கேட்காமல் திறக்க மாட்டேன். நீயும் திறக்க மாட்டாய். ஒரு வருஷமாகத் தெரியாமல் நீ திறக்கவில்லை, தெரிந்தே நான் திறக்கவில்லை; எனக்கு ஒரு மார்க் கூடப் போடு.

ஆனால் உன் வீட்டு அய்யாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவர் நல்லவர்தான். இருந்தாலும் ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருக்கிறார்.

கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. பருப்பு வெந்தது.

உன்
ஜெசி


பெருங்காலூர்,
18.12.2002

அன்புள்ள ஜெசி,

உன் அட்டை கிடைத்தது. மேரியின் பருப்பு காலையில் அடுப்பில் ஏறி மத்தியானம் வரை முழித்துக்கொண்டிருந்தது என்றால், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. ஏரியும் பாதிதான். ஐப்பசி ஏமாற்றிவிட்டது, கார்த்திகை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மதகு மூடல் என்று தீர்மானம் போட்டுவிட்டோம். ஒரே கூட்டம். ஆறு வருஷத்தில் மன்றம் எவ்வளவோ தேறிவிட்டது. போன வருஷத் தேர்தலில் நாம் இருவரும் மறுபடி ஜெயித்ததும் இந்தப் பருப்பினால்தான் என்று இங்கே ஒரு பேச்சு இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அண்டை ஊர்களிலிருந்து வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்கள். பூட்டைத் தொட்டுப் பார்க்கிறார்கள். நல்ல கனமான பூட்டு என்கிறார்கள்.

பாதி நிலத்தில் மட்டும் நவரை. யாருக்கு எந்தப் பாதி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ஆராவமுதனுக்குக் கிணற்றையொட்டிய நிலம் விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மேட்டுக் கழனியிலும் நாற்று விட்டிருக்கிறார். அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டேன்.

"மாசியில மழை வரும்" என்றார்.

"மாசியில் எந்த வருஷம் மழை வந்தது?"

"வராம இருந்தா வரும்."

கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். வாய்தா கேட்டே பழகிவிட்டார். வானமும் கொடுக்கும் என்று நினைக்கிறார்.

மகள் மதுவந்திக்குக் கூடுவாஞ்சேரியில் வீடு பார்த்தாயிற்று, மாப்பிள்ளைக்கு ரயில் வசதி. தண்ணீர் எப்படி என்று கேட்டேன். லாரி வரும் என்றாள். எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டேன். "அம்மா, எல்லா இடத்துலயும் தலைவரா இருக்காதே" என்றாள்.

இந்த ஆண்டையும் தாண்டிவிடுவோம். எனக்குச் சந்தேகமில்லை.

உன்
ருக்கு


சவுக்குப்பாக்கம்,
9.4.2003

பெருங்காலூர் ஊராட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஏரி மதகு போன வாரம் முழுவதும் திறந்திருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாடு மேய்க்கப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தபோது மதகு மூடியிருந்தது. பூட்டு பூட்டியபடி இருந்தது, ஒரு கீறல் இல்லை. ஏரியில்தான் தண்ணீர் இல்லை. நடுவில் ஒரு குட்டை கிடக்கிறது, கொக்குகள் நிற்கின்றன.

பூட்டு உடையவில்லை. சாவி எங்கள் வீட்டுச் சிலுவைக்குக் கீழே இருப்பது இரண்டு ஊருக்கும் தெரியும். ஆகவே திறந்தது நான்.

நேற்று கிணற்றடியில் எனக்கு யாரும் வழி விடவில்லை. எங்கள் மன்றத்தில் என்னைப் பதவி விலகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். முதல் கையெழுத்து சாலமோன். "என் லாரிய மட்டும் ஆறு வருஷமா பூட்டி வெச்சிக்கினு, அங்க சிநேகிதிக்கு ஏரியத் தொறந்து வுட்டுகிச்சே எங்க அண்ணி" என்று மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கும்படி பேசினான். அவன் சொல்வதில் எந்த இடத்தில் தப்பு என்று என்னால் காட்ட முடியவில்லை. ஏசுபாதம் வாயைத் திறந்தார். நான்தான் அடக்கினேன். இரண்டு சாவியும் ஒன்று என்று இப்போது நாங்கள் சொன்னால், மாட்டிக்கொண்டதும் கதை கட்டுகிறார்கள் என்பார்கள். ஆறு வருஷமாகத் தெரிந்தும் ஏன் மறைத்தாய் என்பார்கள்.

இதைச் சொல்லக்கூடியது ஒரே ஒரு ஆள். சொன்னால் அந்த ஆளின் வீட்டில் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். சொல் என்று நான் கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

கிணறு இறங்கிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
அ. ஜெசிந்தா
தலைவர், சவுக்குப்பாக்கம் ஊராட்சி


பெருங்காலூர்,
13.4.2003

அன்புள்ள ஜெசி,

நீ 'தலைவர் அவர்களுக்கு' என்று எழுதியதை மூன்று தடவை படித்தேன்.

நான் ஒரு வாரம் கூடுவாஞ்சேரியில் இருந்தேன். மதுவந்திக்குப் பிரசவம், பெண் குழந்தை. திரும்பி வந்த அன்று மேட்டுக் கழனி பச்சைப் பசேலென்று இருந்தது. மழை பெய்ததா என்று கேட்டேன். கொஞ்சம் என்றார் எங்காத்துக்காரர். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் மட்டும் பெய்யவில்லை போலிருக்கிறது.

சாவியை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். கண்டுபிடிக்கவே இல்லையாம். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பயிர் வாடியதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. வீட்டில் இருந்த சாவிகளையெல்லாம் ஒரு கொத்தாக எடுத்துப் போய் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாராம். பீரோச் சாவி, சைக்கிள் சாவி, பெருமாள் கோயில் மடைப்பள்ளிச் சாவி. உங்கள் மோட்டார் அறைச் சாவி சுற்றியதும் பெருமாள் வழி விட்டார் என்று நினைத்தாராம்.

"பெருமாள் இல்லை, செங்கல்பட்டுக் கடைக்காரர்" என்றேன்.

"அப்போ உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா நம்ம பயிரைக் காய விட்டே?"

இருபத்தைந்து வருஷத்தில் அவர் என்னைப் பார்த்து இப்படி ஆச்சரியப்பட்டதில்லை.

மதகு திறந்ததைச் சடையப்பன் பார்த்திருக்கிறார். சவுக்குப்பாக்கத்து அம்மா சாவி கொடுத்தனுப்பினாள் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதை ஒரு பொய்யாகவே இவர் நினைக்கவில்லை, ஜெசி. சாவி உங்கள் ஊர்ச் சாவிதானே என்கிறார்.

மே முதல் தேதி கிராம சபை. உங்கள் ஊர்க்காரர்களும் வரட்டும். முக்கியமாகச் சாலமோன். நீயும் வா.

உன்
ருக்கு


பெருங்காலூர்,
3.5.2003

அன்புள்ள ஜெசி,

நீ வரவில்லை. 'வந்தால் சாட்சி சொல்ல வந்த மாதிரி இருக்கும்' என்று ஏசுபாதத்திடம் சொல்லியனுப்பினாய். அவர் உன்னிடம் நாலு வார்த்தைதான் சொல்லியிருப்பார். மீதியை நான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்து மரத்தடியில் கூட்டம். உங்கள் ஊரிலிருந்து மேரி, சாலமோன், லாரி கொள்ளுமளவு ஆட்கள். மதகுப் பூட்டைச் சங்கிலியோடு கழற்றி வந்து மேஜை மேல் வைத்தேன். ஏசுபாதம் உங்கள் மோட்டார் அறைப் பூட்டைப் பக்கத்தில் வைத்தார். சாலமோனைக் கூப்பிட்டு இரண்டு சாவியையும் கையில் கொடுத்தேன்.

"எந்தச் சாவியை வேணுமானாலும் எந்தப் பூட்டுல வேணுமானாலும் போடு."

போட்டான். திறந்தது. மாற்றிப் போட்டான். திறந்தது. திரும்பித் தன் அண்ணனைப் பார்த்தான்.

"அப்ப இத்தினி வருஷமா... அண்ணி வூட்டு ஆணில தொங்கினு இருந்ததே, அது நம்ம மோட்டாருக்கும்..."

"ஆமா" என்றார் ஏசுபாதம்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

சாலமோன் மேஜை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். "நானு தெனம் அந்த ஆணிக்குக் கீழ குந்திதான சோறு துன்னேன்" என்றான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பையிலிருந்து அந்தக் கையெழுத்துக் காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து, என் மேஜையில் வைக்காமல் தன் பையிலேயே போட்டுக்கொண்டான்.

பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மதகைத் திறந்தது என் கணவர். சாவி இருந்தது என் வீட்டில். இரண்டும் ஒன்று என்று தெரிந்தும் வெளியே சொல்லாதது நானும் சவுக்குப்பாக்கம் தலைவரும். தெரிந்தும் திறக்காததும் நாங்கள்தான். இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

ஆராவமுதன் எழுந்து நின்றார். நன்றாகத்தான் நின்றார். "நான்தான் தொறந்தேன். பயிரைப் பார்த்துப் பொறுக்கலை. அபராதம் போடுங்கோ, கட்டறேன்" என்றார்.

"அய்யா கட்டுவாரு. அடுத்த வருசமும் தொறந்துட்டுக் கட்டுவாரு" என்றார் சடையப்பன். "அப்பால தண்ணி அபராதம் கட்றவனுக்குன்னு ஆயிடும்."

மேரி எழுந்தாள்.

"டப்பு எல்லாம் வாணாம். எங்க கெணறு உப்பாயிடுச்சி. முந்தாநேத்திலேர்ந்து புள்ளைங்களுக்குப் பருப்பு சுத்தமாவே வேகல. நம்ம சாலமோன் லாரிதான் பாலாத்துப் பக்கம் போயி ஊருக்குத் தண்ணி கொண்டாந்துகினு கீது. போற வழில இந்த ஊரு. டெய்லி எங்க கெணத்துத் தண்ணி ஒரு கொடம் அய்யா வூட்டுல எறக்கிடட்டும். எங்க ஊருல பருப்பு வேகற வரைக்கும் அய்யா வூட்டுப் பருப்பும் அதுலதான் வேகணும்."

"குக்கர் கூடாது" என்றார் சடையப்பன்.

ஏகமனதாக நிறைவேறியது. தண்டனை அவருக்கு, சமையல் எனக்கு என்பதைத் தீர்மானம் எழுதும்போது யாரும் கவனிக்கவில்லை.

பூட்டு விஷயம் மூன்று கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதுவரை இரண்டு சாவியும் உங்கள் சத்துணவுக் கூடத்தில், பருப்பு டப்பாவுக்கு மேலே தொங்கட்டும் என்று முடிவு. எழுது.

உன்
ருக்கு


பெருங்காலூர்,
20.8.2003

அன்புள்ள ஜெசி,

இது மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. கிணற்றடியில் உனக்கு வழி விடாதவர்கள் இப்போது விடுகிறார்களாம், ஏசுபாதம் சொன்னார். வழி விடாத அந்த மூன்று வாரத்தை எந்தத் தீர்மானத்தாலும் எடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். உன் கடிதத்தைப் பார்த்த அன்றே வாயைத் திறந்திருக்க வேண்டியவள், மே முதல் தேதி வரை நாள் பார்த்தேன். கிராம சபை என்றால் சிறப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்காத்துக்காரருடைய வாய்தா எனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கத்திய செய்தி: சாலமோன் லாரி தினமும் காலையில் வாசலில் நிற்கிறது. அத்தனை பெரிய காலி லாரியிலிருந்து ஒரே ஒரு குடம் இறங்குகிறது. தெருவில் எல்லோரும் வெளியே வந்து பார்க்கிறார்கள். முதல் நாள் ஆராவமுதன் உள்ளே போய்விட்டார். இப்போது அவரே வெளியே வந்து குடத்தை வாங்குகிறார். "இன்னா அய்யா, வெந்துச்சா?" என்று சாலமோன் கேட்கிறான். "இன்னும் இல்லடாப்பா" என்கிறார். தினமும் இதே இரண்டு வரிதான். ஒரு நாள் சாலமோனுக்குக் காய்ச்சல், வேறு டிரைவர் வந்தான், கேள்வி கேட்காமல் குடத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான். இவருக்கு அன்று முழுவதும் ஏதோ போலிருந்தது.

சாப்பாட்டில் பருப்பு நறுக்நறுக்கென்கிறது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறார். மேட்டுக் கழனி நெல் நல்ல விளைச்சல். அந்த அரிசியில்தான் சாதம். சாதமும் அந்தத் தண்ணீரில் சரியாக மலரவில்லை.

இந்த வருஷம் எவ்வளவு மழை பெய்தாலும் மேட்டுக் கழனியில் கேழ்வரகுதானாம். யாரும் கேட்காமலே மன்றத்தில் எழுந்து சொன்னார். துணைத்தலைவர் அதையும் ஒரு தீர்மானமாகப் போட்டுவிட்டார்.

உன் கையெழுத்தில் ஒரு அட்டை வந்தால் போதும். திட்டியிருந்தாலும் சரி.

உன்
ருக்கு


சவுக்குப்பாக்கம்,
16.11.2003

அன்புள்ள ருக்கு,

திட்டலாம் என்று பல தடவை உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே உன் முழங்கால் எப்படி என்று எழுதிவிடுகிறேன், அதற்கு மேல் திட்டு வரமாட்டேன் என்கிறது. ஆகவே எழுதவில்லை.

அந்த மூன்று வாரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இருக்கும். உன்மேல் கோபம் சாவியால் இல்லை, உன் வீட்டுக்காரராலும் இல்லை. நீ நாள் பார்த்தாய், அதுதான். அதை நீயே எழுதிவிட்டாய். நான் எழுத ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. பெஞ்சு மேல் நிற்பது எப்போதும் நீதான் என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை நான் நின்றேன்.

ஹேமந்துக்கு மறைமலைநகரில் வேலை கிடைத்திருக்கிறது. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? கேக் இந்த வருஷமும் முட்டை போடாமல் தனியாகச் செய்கிறேன்.

ஐப்பசியில் நான்கு நாள் நின்று பெய்ததில் உங்கள் ஏரி பாதிக்கு மேல் வந்துவிட்டது என்று சடையப்பன் சொல்லி அனுப்பினார். எங்கள் கிணறும் மெதுவாக ஏறியது. மேரி தினமும் ஒரு கரண்டியை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டுவாள், போய்விடுவாள். நேற்று நசுக்கிப் பார்த்தாள். தலையாட்டவில்லை. இன்னொரு பருப்பை எடுத்து நசுக்கினாள். பிறகு தேக்சாவை அப்படியே இறக்கி, என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளைகள் பின்னாலேயே தட்டோடு வந்தார்கள்.

சாவிகள் டப்பாவுக்கு மேலேதான் தொங்குகின்றன. மதகு திறக்க எப்போது வேண்டும் என்று முறைப்படி எழுதிக் கேள். ஏசுபாதம் கொண்டு வருவார். குங்குமம் வைப்பதென்றால் இரண்டுக்கும் வை.

சாலமோன் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருவது இன்றோடு முடிந்தது. நாளை முதல் லாரி உங்கள் ஊர் வழியாக வராது.

உன்
ஜெசி